இட்லி ஆயா

அன்புள்ள ஐயா,

பத்தாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் வடிவேலு மீம் போட்டுக்கொண்டிருக்கிறான். பாதிப் படங்களை அவன் பார்த்ததே இல்லை. இது வெட்டி வேலையா, திறமையா? அப்புறம், சயனில் இட்லி விற்கும் நம்ம ஊர் அம்மா ஒருவர் இந்தியில் சண்டை போடும் வீடியோ அனுப்பியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
எஸ்., செம்பூர், மும்பை

அன்புள்ள எஸ்.,

மகன் போடட்டும். 2019 மே மாதம் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த கான்டிராக்டர் நேசமணி தலையில் விழுந்தது இதுதான் என்று நம்ம ஆள் ஒருவர் பதில் போட, நேசமணிக்காக ஊரே பிரார்த்தனை செய்தது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ வந்தது 2001இல். அந்தப் படத்தைப் பார்க்காதவர்களும் பிரார்த்தித்தார்கள். பரீட்சைக்கு முன்னால் போனை வாங்கி வையுங்கள், அவ்வளவுதான்.

அந்த வீடியோவுக்கு வருகிறேன். வடிவேலு நாம் சிரிப்பதற்காகவே அடிவாங்கினார், சம்பளமும் வாங்கினார். அந்த அம்மா கேட்டது பத்து ரூபாய் பாக்கி. அதில் உங்களுக்கு எதற்கம்மா வயிறு வலித்தது? அவர் இந்திக்குத்தானே?

என் அப்பா தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றவர். பின்னால் அலுமினியப் பாத்திரம், முன்னால் ரப்பர் ஹார்ன். "இட்லி ஆயா!" என்று, இட்லி வந்தாச்சு என்ற அர்த்தத்தில், இந்தியில் குரல் கொடுப்பார். ஆனால் இந்தியில் இட்லி பெண்பால், ‘ஆயீ’ என்று சொல்லவேண்டுமாம். மாடியிலிருந்து பையன்கள் அவர் குரலிலேயே திருப்பிக் கத்துவார்கள். (தமிழில் கேட்டால் யாரோ பாட்டியைக் கூப்பிடுவது போலிருக்கும்.)

‘மீம்’ என்ற சொல்லை உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் உண்டாக்கியபோது இந்தப் படங்களை நினைக்கவில்லை. மெட்டு, கோஷம் என்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்தார். அப்படிப் பார்த்தால், அறுபதுகளில் இந்த ஊரில் நம்மைத் துரத்தக் கிளம்பிய ‘பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி’யும் (ஊதலை ஊது, லுங்கியை விரட்டு) மீம்தான். எதுகை இருந்தது, அதுவாகவே ஓடியது. அந்தக் கோஷத்துக்குப் பயந்து அப்பா கொஞ்ச காலம் வேட்டியை விட்டுப் பேண்ட் போட்டார்.

ஆனால் மாடிப் பையன்கள் வேறு. ஒருநாள் அப்பா சைக்கிளை நிறுத்தி, மேலே ஏறிப்போய் ஒருவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு வந்தார். மறுநாள் அவன் அம்மா பத்து இட்லி வாங்கினார், கூடவே சட்னிக்குச் சண்டையும் போட்டார். கணக்கு அங்கேயே தீர்ந்தது. சயன் அம்மா எந்த மாடியில் ஏறுவார்? செம்பூரில் உங்கள் வீட்டில் சிரித்தீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. என் போனில் அதை அழித்துவிட்டேன்.

அப்பா கடைசிவரை ‘இட்லி ஆயா’தான். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கும் அந்த ஆண்பால் பெண்பால் இன்னும் பிடிபடவில்லை.