450 கிராம் ஆயிடைக்கு உள்ளேயா, வெளியேயா?

வெள்ளவத்தையில் வாங்கிய 16 பாண்களின் இடை (சராசரி நிறை) 442 கிராம், நியம விலகல் (நிறைகள் இடையைச் சுற்றிச் சிதறும் அளவு) 16 கிராம் என்கிறீர்கள். உண்மையான இடைக்கு மாதிரி தரும் வீச்சான 95% நம்பிக்கை ஆயிடை 450ஐ விலக்குகிறது, இருபக்க டீ-சோதனையோ 5% மட்டத்தில் சூனியக் கருதுகோளை, அதாவது பாணின் உண்மையான இடை 450 கிராம் என்பதை, நிராகரிக்கவில்லை. எது பிழை என்பது உங்கள் கேள்வி.

சோதனை சரி. ஆயிடையில்தான், நியம விலகல் முன்பே தெரிந்தால் மட்டும் பொருந்தும் 1.96ஐப் போட்டுவிட்டீர்கள். நியம விலகலையும் அந்த 16 பாண்களிலிருந்தே கணித்ததால், டீ அட்டவணையில் 15ஆம் வரிசையிலுள்ள (16 − 1 = 15) 2.131 வேண்டும். நியம வழு (மாதிரிக்கு மாதிரி இடை மாறும் அளவு) 16/√16 = 4. ஆகவே 442 ± 8.5, அதாவது 433.5 முதல் 450.5 வரை. 450 மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது! டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை செய்த கொசெட், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதியது இந்தச் சிறு மாதிரிச் சிக்கலைப் பற்றித்தான்.

ஆனால் "பாண் 450 கிராம்தான்" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். வித்தியாசத்தைக் காட்ட இந்த 16 போதவில்லை, அவ்வளவே. மீண்டும் நிறுப்பதானால் எண்ணிக்கையை முன்கூட்டியே தீர்மானித்து, வெவ்வேறு நாள்களில் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே மாவில் சுட்டவை ஒன்றையொன்று ஒத்திருக்கும்.