மூட்டு நோய் ஆராய்ச்சிக்கு மலையை விட்டுப் போக வேண்டுமா? கோத்தகிரி மருத்துவருக்கு ஒரு பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை (படுகர் கிராமத்தை) சேர்ந்தவள் நான். எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் காலமும் முடித்துவிட்டேன். என் அம்மாவுக்கு முடக்குவாதம். முதல் இரண்டு வருடம் "குளிருக்குத்தான் கை வீங்குது" என்று தைலம் தேய்த்தே ஓட்டினோம். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் கோணிவிட்டன. அதனாலேயே மூட்டு நோய் மருத்துவராகி, அதில் ஆராய்ச்சியும் செய்ய ஆசை. வீட்டிலோ "ஆர்த்தோ எடு, சீக்கிரம் நிலைக்கலாம்" என்கிறார்கள். எத்தனை வருடம் ஆகும்? ஆராய்ச்சி என்றால் பெரிய நகரத்திலேயே தங்கிவிட வேண்டுமா? இன்னொன்று: அம்மா முடக்குவாதத்துக்கு மூன்று வருடமாக ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

பதில்: நான் கோவையில் இருக்கிறேன்; மாதத்தில் இரண்டு சனிக்கிழமை குன்னூரில் நோயாளிகளைப் பார்க்கிறேன். அதனால் உங்கள் அம்மாவைப் போன்ற விரல்கள் எனக்குப் புதிதல்ல. முதலில் வருடக் கணக்கு.

எம்.டி. பொது மருத்துவம் 3 வருடம், அதன்மேல் மூட்டு நோய்த் துறையான ருமட்டாலஜியில் டி.எம். 3 வருடம். இடம் கிடைத்த நாளிலிருந்து ஆறு. முதலாவதற்கு நீட் பி.ஜி., இரண்டாவதற்கு நீட் எஸ்.எஸ். நடுவில் தேர்வுக்கு உட்காரும் வருடங்களை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு எட்டு ஆவது சாதாரணம். பட்டத்தின் பெயர் சில இடங்களில் 'கிளினிக்கல் இம்யூனாலஜி அண்ட் ருமட்டாலஜி' என்று நீளமாக இருக்கும். இரண்டும் ஒரே வேலைதான். தேசியத் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.என்.பி. பட்ட வழியும் உண்டு. நமக்கு அருகில் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய மூன்றும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. எம்.டி. முடித்தவர்களுக்கு ஒன்றிரண்டு வருட ஃபெலோஷிப்புகளும் இருக்கின்றன. கற்றுக்கொள்ள நல்லவை; ஆனால் டி.எம். பட்டத்துக்குச் சமம் என்று நினைத்துச் சேர வேண்டாம்.

அரசுப் பணியில் சேரும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்பு (டி.எம். போன்ற) இடங்களில் 50 சதவீதத்தைப் பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கி 2020-ல் அரசாணை வந்தது. வழக்காகி, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதன்படி கலந்தாய்வு நடத்த அனுமதித்தது. மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பைத் தொடர நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஆர்த்தோ. வீட்டில் சொல்வதில் பாதி சரி. அறுவை சிகிச்சை செய்பவருக்கு வரும் வருமானம் நமக்கு வராது. நம் துறையில் கையில் எடுக்கும் கருவி குறைவு: மூட்டுக்குள் ஊசி போடுவோம், அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்போம், அவ்வளவுதான். மற்றபடி எல்லாம் பேச்சும் தொடுதலும்தான். ஒரு புது நோயாளிக்கு முக்கால் மணி நேரம் போகும், அதற்கு ஏற்ற கட்டணம் வாங்க மனசு வராது. ஆனால் முடக்குவாதம் எலும்பு நோயல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி திசை தப்பி மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. நுரையீரலையும் கண்ணையும்கூட விட்டுவைக்காது. மூட்டு அழிந்த பிறகு மாற்றிக்கொடுப்பவர் ஆர்த்தோ மருத்துவர். அழியாமல் தடுப்பதுதான் உங்கள் வேலை. உங்கள் அம்மாவுக்கு அந்த முதல் இரண்டு வருடத்தில் தேவைப்பட்டது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

(நம் மொழியே இதில் கொஞ்சம் குழப்பும். பக்கவாதத்திலும் வாதம், முடக்குவாதத்திலும் வாதம், சித்த மருத்துவத்தின் வாத பித்த கபத்திலும் வாதம். 'வாத நோய் நிபுணர்' என்று பலகை வைத்த முதல் மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் கை கால் விழுந்தவர்கள்.)

இனி ஆராய்ச்சி. உங்கள் கடிதத்தில் ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும் தெரிகின்றன. அதுவும் உண்டு. ஆனால் இந்தத் துறையைப் புரட்டிப் போட்ட கண்டுபிடிப்பு ஒன்று நோயாளியின் படுக்கையருகில்தான் தொடங்கியது. 1929-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்பவரிடம் முடக்குவாத நோயாளி ஒருவர் வந்தார். அவரே ஒரு மருத்துவர். மஞ்சள் காமாலை வந்ததும் தன் மூட்டு வலி போய்விட்டது என்றார். இன்னொருவராக இருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். ஹென்ச் குறித்துவைத்துக்கொண்டார். அதேபோல் வேறு யாருக்காவது நடக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். கர்ப்பமான பெண்களுக்கும் வலி குறைவதைக் கண்டார். உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று நம்பி, 19 வருடம் கழித்து, 1948-ல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார். நடக்க முடியாமல் கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசு, கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற வேதியியலாளர்களோடு சேர்த்து. அதன் பின்விளைவுகளும் சீக்கிரமே தெரிந்தன. நம் ஊர் மருந்துக் கடைகளில் 'சின்ன வெள்ளை மாத்திரை' என்று கேட்டு ஸ்டீராய்டை வாங்கி, முகம் ஊதி, சர்க்கரை ஏறி வருபவர்களிடம் இன்றும் அதைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் தினமும் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன், ஆராய்ச்சிக் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று அதில் தெரியும். முடக்குவாதம் எவ்வளவு தீவிரம் என்று அளக்க 28 மூட்டுகளை எண்ணுவோம். இரண்டு கையிலும் விரல் நடுமூட்டுகள் பத்து, விரல் அடிமூட்டுகள் பத்து, பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் இரண்டிரண்டு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால், நம் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். நோயாளியின் வாயைப் பார்க்கக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். வாய் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடும், இமை துடிப்பதை மறைக்க முடியாது.

கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் கவனித்தீர்களா? அந்த 28-ல் பாதம் இல்லை. கணுக்கால் இல்லை. சரிவில் நின்று கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு உயிர் போவது அங்கேதான். குன்னூரில் ஒரு அம்மாளுக்கு எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. நான் சந்தோஷமாக அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் சரிங்க டாக்டர், செருப்பைக் கழட்டச் சொல்லவே இல்லையே நீங்க" என்றார். கழற்றிப் பார்த்தால் முன்பாதம் முழுக்க வீக்கம். அன்றிலிருந்து என் அறையில் செருப்போடு யாரும் படுக்கையில் ஏறுவதில்லை. சரிவு நிலத்தில் உழைப்பவருக்குப் பாதத்தைச் சேர்க்காத கணக்கு எவ்வளவு தவறவிடுகிறது? ஒரு நல்ல எம்.டி. ஆய்வுக் கட்டுரைக்கு இது போதும். மெஷின் வேண்டாம், பணம் வேண்டாம், கட்டைவிரல் போதும்.

நோயாளி தினசரி வேலையை எப்படிச் செய்கிறார் என்று கேட்கும் வினாப்பட்டியலும் அப்படித்தான். 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் உருவானதில் காரில் ஏறி இறங்க முடிகிறதா என்றொரு கேள்வி. இந்தியாவுக்கு மாற்றியவர்கள் குந்தி உட்காருவதைச் சேர்த்தார்கள். கவாத்துக் கத்தியைப் பிடிக்க முடிகிறதா, கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்ற முடிகிறதா என்று இன்னும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பெரிய நகரத்தில் இல்லாமல் நடந்த ஆராய்ச்சிக்கு முன்னுதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அரவிந்த் சோப்ரா என்ற மருத்துவர் 1996-ல் புனே மாவட்டத்து பிக்வான் என்ற ஊரில் ஆரம்பித்தார். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்பார்கள்; வலி இருக்கிறது என்பவர்களை மருத்துவர் நேரில் பரிசோதிப்பார். கேட்கச் சுலபம், செய்ய வருடங்கள் ஆகும். கிராமத்தில் வலி என்றால் பெரும்பாலும் முதுகும் முழங்காலும், முடக்குவாதம் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்பதெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுகளில்தான் தெளிவானது. அதனால் எல்லா வீக்கத்தையும் முடக்குவாதம் என்று எழுதிவிடாமல் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். கொழுந்து எடுப்பவரின் கட்டைவிரல் அடியில் வரும் வலி பெரும்பாலும் தசைநாண் அழற்சி, இரவில் விரல் மரத்துப்போவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. இரண்டுக்கும் முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை எழுதுவது பாவம்.

நீலகிரிக்கே உரிய இன்னொன்று. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் பரம்பரைக் கோளாறு) இருப்பதை முதலில் கண்டு எழுதியது இங்கேதான்: 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். அரிவாள் செல் நோய் உள்ள குழந்தைக்குக் கை கால் வீங்கும், இளைஞருக்கு இடுப்பு எலும்பின் தலை ரத்தமில்லாமல் நொறுங்கும். மூட்டு வாதம் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கெட்டது இன்னும் கெடும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பையனின் இடுப்பு வலிக்கு மூன்று மாதம் வாத மாத்திரை கொடுத்தேன். கூடலூர் பக்கம் என்று அவன் சொன்னதும் என் மூளையில் மணி அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல வருடமாக இந்த நோயாளிகளைப் பெயர் பெயராகத் தெரிந்து பின்தொடர்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அங்கே போய்ச் சில நாள் இருந்து பாருங்கள், எந்த வகுப்பிலும் கிடைக்காதது கிடைக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பி வரவில்லை என்ற மனக்குறை மலைக் கிராமங்களில் நியாயமாகவே உண்டு. ஒப்புதல் படிவத்தை அவர்கள் மொழியில் சொல்லிப் புரியவைக்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

ஆக, மலைக்குத் திரும்ப முடியுமா என்றால், எந்த ஆராய்ச்சி என்பதைப் பொறுத்தது. எதிர்ப்பு சக்தியின் செல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வேலூர், லக்னோ போன்ற பெரிய ஆய்வகம் உள்ள ஊர்தான். ஊட்டியில் உட்கார்ந்து முடியாது, அப்படி ஆசை இருந்தால் பிஎச்.டி.க்கும் மனதைத் தயார் செய்யுங்கள். ஆனால் ஒரே நோயாளியை இருபது வருடம் பார்ப்பது நகரத்து மருத்துவருக்கு அமையாது. அவரிடம் வருபவர்கள் ஊர் மாறுவார்கள், டாக்டரையும் மாற்றுவார்கள். ஹட்டியில் அப்படி இல்லை. மருந்தை நிறுத்தியவர் யார், ஏன் நிறுத்தினார் என்பதைப் பக்கத்து வீடு சொல்லிவிடும். அதனால் என் யோசனை: ஆறு வருடம் கீழே போய் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது.

எம்.டி.யில் சேரும் முன்பே செய்யக்கூடியது ஒன்று. ஒரு நோட்டு போடுங்கள். மூட்டு வலி என்று வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வயது, வேலை, எந்த மூட்டு, காலையில் விறைப்பு எத்தனை நிமிடம், முதல் வலியிலிருந்து உங்களிடம் வர எத்தனை மாதம். அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். பெயரை எழுதாதீர்கள், எண் போதும். இந்த நோட்டு உங்களுக்குக் கண் பழகத்தான். கட்டுரையாக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், தகவல் சேகரிப்பு பிறகு. மருந்துப் பரிசோதனை என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் முன்கூட்டியே பதிய வேண்டும். அப்புறம் புள்ளியியல். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட நான், என் முதல் கட்டுரையை மூன்று முறை திருப்பி வாங்கினேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு ஊர்க்கதை. நடுவட்டத்தில் பழைய சின்கோனா தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1860-களில் மலேரியாவுக்காக வைத்த மரம். அதன் பட்டையிலிருந்து வரும் குயினைனை 1894-லேயே லண்டனில் ஒருவர் லூபஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வந்த செயற்கை மலேரியா மருந்துகள் மூட்டு வலியையும் குறைப்பது தெரிந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் ஹைட்ராக்சிகுளோரோகுவின். பட்டையிலிருந்து எடுப்பதல்ல, ஆலையில் தயாராவது.

கண் பயம் முழுப் பொய்யில்லை. விழித்திரையில் படியலாம், ஆனால் எடைக்கேற்ற அளவில், கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் சாப்பிட்டால் முதல் ஐந்து வருடத்தில் அது மிக அரிது. தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒன்று என்பது பொது வழக்கம். சிறுநீரகக் கோளாறோ ஏற்கெனவே விழித்திரைக் கோளாறோ இருந்தால் அதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த முதல் பரிசோதனை நடந்ததா என்று சீட்டைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தாமல், இந்த மாதமே விழித்திரை பார்க்கும் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், விழித்திரையைப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப் புலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கூடவே மெத்தோட்ரெக்சேட்டும் இருந்தால், அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டியது; எந்த நாளில் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். "தினமும்தான்" என்று பதில் வந்தால் அடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அன்றே கிளம்புங்கள்.