மாட்டுக் கொட்டிலுக்கு ஓசோன் மெசின் வாங்கலாமா?

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “12 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவு, வாளியில் விட்டால் விடிய முதல் சிவந்து போகிறது. கொட்டிலுக்குள் மூத்திர நெடி. தண்ணீர், காற்று இரண்டுக்கும் ஓசோன் மெசின் பூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். கடன் எடுத்து வாங்கலாமா?”

ஓசோன் மெசின் என்பது காற்றிலிருந்து ஓசோன் என்னும் கிருமிகொல்லி வாயுவை உண்டாக்கும் கருவி. காற்றுக்கு அது வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கும் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்தச் சிவப்பு. அது தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாக மாறி அடியில் படிகிறது. ஓசோன் செய்வதும் இதே வேலைதான், நொடியில் செய்துவிடும். ஆனால் உண்டான துருவை அது எடுத்துவிடாது. அதற்கு மணல் வடி எப்படியும் வேண்டும். அப்படியென்றால் தண்ணீரைச் சல்லிக்கல் பரப்பிய தட்டுகளின் மேல் துளித்துளியாய் விழவிட்டு, கொஞ்ச நேரம் தேங்கவைத்து, மணலில் வடித்தாலே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். செலவு சொற்பம்.

இரும்போடு ஓசோனை விட்டால் கிருமியைக் கொல்ல வேண்டியது இரும்பிலேயே தீர்ந்துபோகும். பால் கொழுப்பு, சாணம், பாசி எல்லாம் அதேபோல ஓசோனைத் தின்னும். நம்முடைய வெயிலும் உதவாது. சூடான தண்ணீரில் ஓசோன் குறைவாகவே கரையும், சீக்கிரம் சிதையும். 20 பாகை வெப்பத்திலேயே ஏறக்குறைய 20 நிமிடத்தில் பாதி போய்விடும். குடிதொட்டிக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று வந்தால், மெசினிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்தாலும் மாடு குடிப்பது அந்த வழுவழுப்பில் ஊறிய தண்ணீரைத்தான். தும்புத் தூரிகையால் நாளும் தேய்த்துக் கழுவுங்கள். வடித்த பிறகு, 30 வீதக் குளோரின் தூள் என்றால் 1000 லீற்றருக்கு 7 கிராம் அளவு கலந்து அரை மணி நேரம் விடுங்கள். குளோரின் தொட்டியிலும் கொஞ்ச நேரம் நின்று வேலை செய்யும், ஓசோன் நிற்காது. உவர், கடினத்தன்மை, புளோரைட்டு இவற்றை இரண்டுமே நீக்காது. ஆகவே எதையும் வாங்க முதல் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

அப்புறம் காற்று. இதில்தான் எனக்குக் கவலை. ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்குப் பலரும் வைக்கும் எல்லை, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 0.1 பங்கு. கிருமி சாக அதைவிடப் பல மடங்கு வேண்டும். அந்த அளவில் மாடும் நிற்கக் கூடாது, பால் கறக்கும் நீங்களும் குந்தியிருக்கக் கூடாது. அமோனியாவோடு அது மெதுவாகத்தான் வினை புரியும், எனவே நெடியும் போகாது.

நெடி ஏன் வருகிறது? மூத்திரத்தில் உள்ள யூரியாவைச் சாணத்தில் உள்ள பற்றீரியாவின் நொதி உடைக்கும்போது அமோனியா கிளம்புகிறது. இரண்டும் சேராமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தரையைச் சற்றுச் சரிவாக்கி, மூத்திரம் உடனே வாய்க்காலுக்கு ஓடும்படி செய்யுங்கள். சாணியை விடியவும் பின்னேரமும் அள்ளுங்கள். அமோனியா காற்றைவிட இலேசானது, மேலே ஏறும். கூரையின் முகட்டில் இடைவெளி விட்டு, சோழகம் வீசும் பக்கத்துத் தட்டியைப் பிரித்துவிட்டால் வெளியே போய்விடும்.

இவ்வளவும் செய்து, இரும்பும் போன பிறகு, பால் பாத்திரங்களை அலசும் கடைசித் தண்ணீருக்கு ஓசோன் வேண்டுமென்று நினைத்தால் சரி, அப்போது யோசிக்கலாம். விற்பவரிடம் இரண்டு கேளுங்கள்: மெசினுக்குள் போகும் காற்றை உலர்த்தும் பகுதி இருக்கிறதா, தண்ணீரில் கரையாமல் வெளிவரும் ஓசோனை அழிக்கும் பகுதி இருக்கிறதா? மாரி ஈரத்தில் உலர்த்தாத காற்றை விட்டால் உற்பத்தி விழுந்துவிடும், உள்ளே நைத்திரிக் அமிலமும் உண்டாகி மெசினை அரிக்கும். கறவை மெசின் வைத்திருந்தால் அதன் இயற்கை றப்பர்க் குழாய்களில் ஓசோன் தண்ணீரை விடாதீர்கள். றப்பர் வெடிக்கும், அந்த வெடிப்புகளுக்குள் பால் தங்கும்.