பண்ணை வீட்டு வேலைகளுக்கு நடுவே க்வில்ட் தைக்க நேரம் எப்படிக் கிடைக்கிறது? அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

கோழி, தோட்டம், சமையல், குளிர்காலச் சேமிப்பு என்று இத்தனை வேலை இருக்கும்போது அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் கட்டில் அளவு ஒட்டுப்போர்வைகளை எப்போதுதான் தைக்கிறார்கள், வீடியோக்களில் காட்டும் அமைதி நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மிசௌரி மாநிலத்தின் வடக்கே, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பகுதியில், ஐந்து ஏக்கர் நிலத்தோடு இருக்கும் ஒரு வீட்டில் வசிக்கிறேன். கணவர் பக்கத்தில் உள்ள சிறிய மருத்துவமனையில் டாக்டர். பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் இங்கேயே தங்க வேண்டுமானால், டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு விசா ஏற்பாடு உண்டு. அப்படி வந்தோம். மூன்று வருடம் முடிந்த பிறகும் இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை.

முழு மதியம் ஒன்று சும்மா கிடைப்பது இங்கே யாருக்கும் இல்லை. நேரம் இருபது நிமிடம், அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் வரும். க்வில்ட் அந்தத் துண்டு நேரத்துக்கென்றே அமைந்த வேலை. பழைய துணியை வீணாக்காமல் இருப்பதற்காகப் பிறந்த கலை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். துணியைவிட நேரத்தைத்தான் அது அதிகம் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். க்வில்ட் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவிப் போடும் ஓட்டுத் தையலுக்குத்தான் க்வில்டிங் என்று பெயர். மேல்துணியை யாரும் ஒரே மூச்சில் தைப்பதில்லை. சதுரச் சதுரமான கட்டங்களாகத் தைப்பார்கள், பெரும்பாலும் 12 அங்குலக் கட்டம். ஒரு கட்டத்தைத் தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து டப்பாவில் வைத்துவிட்டால் அது அப்படியே இருக்கும். ஒரு மாதம் தொடாமல் விட்டாலும் எங்கே நிறுத்தினோம் என்று தேட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி ஒரேயடியாகப் பழுக்கும். குளிர்காலச் சேமிப்புக்காக இடித்த தக்காளியை ஒரு குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) ஜாடிகளில் நிரப்பி, ஜாடிக்கு இரண்டு மேஜைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு விட்டு, கொதிநீரில் 45 நிமிடம் வைக்க வேண்டும். புளிப்பு போதாவிட்டால் நஞ்சு உண்டாகும் ஆபத்து இருப்பதால் அந்தச் சாறு கட்டாயம். பீன்ஸுக்குப் புளிப்பே கிடையாது, அதனால் அதற்கு பிரஷர் கேனர்தான், அதாவது ஜாடிகளை ஆவி அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய குக்கர். முதலில் 10 நிமிடம் ஆவி வெளியேற வேண்டும், அப்புறம் பைண்ட் (சுமார் அரை லிட்டர்) ஜாடிக்கு 20 நிமிடம். அழுத்தமானியின் முள் கீழே இறங்கினால் நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆக, அடுப்படியை விட்டு நகரவும் முடியாது, அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. என் தையல் மெஷின் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், அந்த முள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. தக்காளிப் பருவத்தில் ஜாடிகளோடு கட்டங்களும் சேர்ந்துகொண்டே போகும்.

வருடம் முழுக்க இப்படித்தான் வேலைகள் தாமாகவே பிரிந்துகொள்கின்றன. வசந்தத்திலும் கோடையிலும் வெட்டுவது, கட்டம் தைப்பது. ஏப்ரல் கடைசி வரை உறைபனி பயம் இருக்கும், அதன் பிறகு வெண்டை, கத்தரி, மிளகாய், பாகல் எல்லாம் நம் ஊரைப் போலவே செழித்து வரும். (நாம் தண்டுக்கீரை என்று வளர்ப்பதன் நெருங்கிய இனம் ஒன்று இங்கே சோயா வயல்களின் பெரிய களை. அதை ஒழிக்க விவசாயிகள் படும் பாடு கொஞ்சமல்ல. நான் கீரைக்கென்று விதை போட்டபோது பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.) அக்டோபர் நடுவில் முதல் உறைபனி. அதற்குள் கறிவேப்பிலைத் தொட்டிகள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதோடு தோட்டம் முடிந்தது, கட்டங்களை இணைக்கிற வேலை தொடங்கும்.

மூன்று அடுக்கையும் விரித்துச் சுருக்கமில்லாமல் சேர்க்க ஒரு அறையின் தரை முழுதும் வேண்டும். அதை ஜனவரியில்தான் செய்ய முடியும். அதன் பிறகு கையால் ஓட்டுத் தையல். வெளியே மைனஸ் பதினைந்து, உள்ளே விறகு அடுப்பு, மடியில் பஞ்சு வைத்த போர்வை. தைக்கிறபோதே அது நம்மைப் போர்த்திக்கொள்கிறது. 35 டிகிரி வெயிலில், இந்த ஊர்ப் புழுக்கத்தில், அதை மடியில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுகிற கைகளை இங்கே பார்த்திருக்கிறேன். என் கைக்கு ஏழு வரும், அது போர்வைக்குப் போதும்.

கோழிகளும் இதே கணக்கில்தான். முட்டையிட அவற்றுக்கு நாளில் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பதரை மணி நேரம். சிலர் கூண்டில் விளக்குப் போட்டு முட்டையை வரவழைப்பார்கள். நான் போடுவதில்லை. வருடத்தில் கொஞ்ச காலம் அவற்றுக்கும் ஓய்வு இருக்கட்டும் என்பது என் முடிவு.

இனி அந்த வீடியோ அமைதி பற்றி. காலையில் பனி படிந்த வயல், கோழிக் கொக்கரிப்பு, புகை போகும் சிம்னி எல்லாம் உண்மைதான். கோழித் தண்ணீர் கல்லாக உறைவதும், மார்ச் மாதச் சேற்றில் பூட்ஸ் உருவிக்கொள்வதும், கோடையில் ஒவ்வொரு முறை புல்லில் நடந்து வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று உடம்பைச் சோதிப்பதும் அதே அளவு உண்மை. பருந்தும், ரக்கூன் என்ற இரவில் திரியும் விலங்கும் வருடா வருடம் கோழிகளில் பங்கு கேட்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிறு பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை வெளி வேலைச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. எங்கள் வீடும் அப்படியே. நிலத்தை மட்டும் நம்பி வேலையை விடலாம் என்று எந்த வீடியோவாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முன்பு இங்கே இருந்த பெண்களுக்கு இந்த வசதி இல்லை. எனக்குக் கட்டம் தைக்கச் சொல்லிக்கொடுத்தவர், எண்பதைத் தாண்டிய பக்கத்து வீட்டுப் பாட்டி. அவருடைய அம்மா காலத்தில் கோழித் தீவனமும் மாவும் பருத்திச் சாக்கில் வந்தன. வீட்டில் அதை வெட்டி உடை தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெனிகள் சாக்கிலேயே பூவும் கட்டமும் அச்சடிக்க ஆரம்பித்தன. நூறு பவுண்டு சாக்கைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமாகத் துணி கிடைக்கும். ஒரு பெண்ணின் கவுனுக்கு மூன்று சாக்கு ஒரே டிசைனில் வேண்டும், அதனால் தீவனம் வாங்கப் போகிற ஆண்கள் துணி மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். வெட்டியதில் மிஞ்சியது போர்வைக்கு. சாக்கு வாயைத் தைத்திருந்த சங்கிலித் தையல் நூலையும் ஒரே இழுப்பில் உருவிப் பந்தாகச் சுற்றி வைத்தார்கள். பாட்டியிடம் அப்படி ஒரு பந்து இன்னும் இருக்கிறது.

டிசைன் எங்கிருந்து வந்தது என்றால், செய்தித்தாளில் இருந்து. தி கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட க்வில்ட் மாதிரிகளை வெளியிட்டது. பண்ணைப் பெண்களே வரைந்து அனுப்பியவையும் அதில் உண்டு. கத்தரித்து, அட்டையில் ஒட்டி, அச்சாக வைத்துக்கொள்வார்கள். வெண்ணெய் கடையும் மத்தின் பெயரிலும், பறக்கும் வாத்துகளின் பெயரிலும், மரக்கட்டை வீட்டின் பெயரிலும் கட்டங்கள் இருக்கின்றன. அந்த மரக்கட்டை வீட்டுக் கட்டத்தின் நடுவில் சிவப்புத் துண்டு வைப்பது வழக்கம், அது அடுப்பு.

நேரமும் துணியும் மிகக் குறைவாக இருந்த இடத்தில் இந்தக் கலை எவ்வளவு தூரம் போனது என்று பார்க்க விரும்பினால் அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊரைப் பாருங்கள். மூன்று பக்கமும் ஆறு வளைத்த, அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். பகலெல்லாம் பருத்தி வயலில் வேலை செய்த பெண்கள், கிழிந்த வேலைச் சட்டையையும் ஜீன்ஸையும் வெட்டி, குளிர் தாங்கப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த இடம், பாக்கெட் பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம், எல்லாம் அப்படியே தெரியும். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-ல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன, அப்புறம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. புகைப்படத்தில் பார்த்தபோதே என்னால் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்க முடியவில்லை. ஓய்வும் பணமும் இருந்தால்தான் அழகானதைச் செய்ய முடியும் என்று நினைப்பவர்கள் அவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.

ஆனால் க்வில்ட் எப்போதுமே ஏழை வீட்டுப் பொருளாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுவேலைப் போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையில், 1708 வாக்கில், இந்தியாவில் இருந்து போன சீட்டித் துணியில் செய்தது. நம் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய சீட்டி அன்று அவ்வளவு விலை. வேறு சில போர்வைகளில் சீட்டியின் பூக்களைத் தனித்தனியாக வெட்டி வெள்ளைத் துணியில் பதித்துத் தைத்தார்கள். ஆலைத் துணி மலிவான பிறகுதான் சாதாரணப் பண்ணை வீடுகளில் ஒட்டுப்போர்வை பெருகியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அம்மாவின் சுங்குடிச் சேலைகளைப் போர்வையில் சேர்க்க எனக்குத் தைரியம் வந்தது. சாயம் இறங்கும் என்பதால் தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசினேன். மெல்லிய துணி என்பதால் பின்னால் இன்னொரு மெல்லிய பருத்தி கொடுத்துத் தைத்தேன்.

தனியாகச் செய்ய முடியாத பகுதியும் இதில் உண்டு. இங்குள்ள லூத்தரன் சர்ச்சில் பெண்கள் கூடி, லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பு மூலம் வெளிநாட்டு அகதி முகாம்களுக்குப் போகும் போர்வைகளைச் செய்கிறார்கள். அளவு 60க்கு 80 அங்குலம். வேகமாக முடிய வேண்டும் என்பதால் ஓட்டுத் தையலுக்குப் பதில் சில அங்குல இடைவெளியில் முடிச்சுப் போடுவார்கள். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் இல்லை. முதல் நாள் யாரும் அதைக் கேட்கவில்லை, ஊசியைக் கொடுத்து, "இந்த ஓரம் உன்னுடையது" என்றார்கள். யார் வீட்டில் மாடு ஈன்றது, யாருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை, எந்த வயலில் புல்கட்டு நனைந்தது, எல்லாம் அந்த மேஜையில்தான் தெரியும். யாருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகும். இங்கே தங்கிவிட்டதற்குக் காரணம் கேட்டால் நான் அந்த மேஜையைத்தான் சொல்வேன்.

நீங்களும் தொடங்க நினைத்தால், செலவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல க்வில்டிங் பருத்தி இங்கே கஜம் 12, 13 டாலர். பெரிய கட்டில் போர்வைக்கு எல்லாம் புதிதாக வாங்கினால் பொருளுக்கே 200 டாலரைத் தாண்டும். அதனால் கையால் தைத்தது என்று சொல்லி யாராவது நூறு டாலருக்கு விற்றால், அந்தக் கைக்கு என்ன கூலி போயிருக்கும் என்று யோசியுங்கள்.

கருமையும் வெளிர்நிறமும் மாறி மாறி வரும், ஒன்பது சதுரம் சேர்ந்த கட்டத்தில் ஆரம்பிப்பது நல்லது. சதுரத்தை நாலரை அங்குலமாக வெட்டுங்கள். கால் அங்குல விளிம்பு விட்டுத் தைத்தால் நாலு அங்குலமாக நிற்கும், ஒன்பதும் சேர்ந்தால் 12 அங்குலம். அந்தக் கால் அங்குலம் எல்லாத் தையலிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். வரிசையை இணைப்பதற்கு முன் தையல் விளிம்புகளைக் கருமையான துணிப் பக்கமாகத் திருப்பி இஸ்திரி போடுங்கள், மூலைகள் தானாகப் பொருந்தும். நான்குக்கு ஐந்து என்று இருபது கட்டம் சேர்ந்தால் 48க்கு 60 அங்குலம், ஒரு குழந்தைக்குத் தாராளம். முதல் போர்வைக்கு முடிச்சுப் போட்டாலே போதும். பஞ்சு விரிப்பு பருத்தியாக இருந்தால் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும், அதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், கையில் என்ன துணி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வெயில் ஊராக இருந்தால் நடுவில் பஞ்சே வேண்டாம், ஒரு பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்தாலே போதும். அதற்கான துணிக் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.