ஃபேவியாவா, ஃபேவைட்டிஸா? கிண்ணத்தின் சுவரைப் பாருங்கள்

கேள்வி: கடல்மீன் தொட்டிக்குப் பச்சை நிறக் கல்பவளத் துண்டு வாங்கினேன். விற்றவர் ‘ஃபேவியா’ என்றார். மொபைல் ஆப் ‘ஃபேவைட்டிஸ்’ என்கிறது. இனத்தை எப்படி உறுதி செய்வது?

பதில்: நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். அது பவளத்தின் சதையிலும் அதற்குள் வாழும் நுண்பாசியிலும் இருக்கிறது. தொட்டி விளக்கை மாற்றினாலே மாறிவிடும். நிறத்தை வைத்துப் பெயர் சொல்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

பகலில், பாலிப்புகள் (பவளத்தை உருவாக்கும் சின்னஞ்சிறு உயிர்கள்) உள்ளே சுருங்கியிருக்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சிறு கிண்ணமும் ஒரு பாலிப்பின் வீடு. பக்கத்து வீட்டோடு ஒரே சுவர் என்றால் ஃபேவைட்டிஸ் பக்கம். தனித்தனிச் சுவர், நடுவில் ஒரு பள்ளம் என்றால் விற்றவர் சொன்ன ‘ஃபேவியா’ பக்கம். அந்தப் பெயரும் பழசு. இந்திய, பசிபிக் கடல்களின் ஃபேவியாக்களை 2012-லேயே டிப்சாஸ்ட்ரேயா என்று மாற்றிவிட்டார்கள். விற்பவர்களுக்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே துண்டில் நடுவில் கிண்ணங்கள் நெருங்கி ஒரே சுவர் போலத் தெரியும், ஓரத்தில் பிரிந்து நிற்கும். நடுவை மட்டும் படமெடுத்தால் ஆப் ஒரு பெயர் சொல்லும், ஓரத்தை எடுத்தால் இன்னொன்று. உங்களுக்கும் இதுவே நடந்திருக்கலாம். அதனால் ஓரம், நடு, பக்கவாட்டு என்று பத்துப் பன்னிரண்டு கிண்ணங்களாவது பார்த்து, எது அதிகம் என்று முடிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய சின்னத் துண்டு என்றால் ஓரமே இருக்காது. அப்போது இந்தச் சோதனையும் முழுசாகக் கைகொடுக்காது.

இது பேரினம் வரைதான், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த குழு வரை; ஃபேவைட்டிஸ், டிப்சாஸ்ட்ரேயா எல்லாம் பேரினப் பெயர்கள். இனம் வரை போக, சதையை நீக்கி, கிண்ணத்துக்குள் இருக்கும் தகடுகளையும் அவற்றின் பற்களையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதாவது பவளத்தைக் கொல்ல வேண்டும். வேண்டவே வேண்டாம்.

‘போட்டோ அனுப்புங்கள், இனச் சான்று தருகிறோம்’ என்பவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். கவர்ச்சியான பட்டப்பெயர் வைத்து அதே துண்டை இரட்டை விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள்தான் இந்தக் குழப்பத்துக்கு வேர். கல்பவளங்கள் அனைத்தும், காட்டுயிர்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. நாடு தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். பல பவளங்களுக்கு அதில் பேரினப் பெயரே போதும். அப்படியிருக்க, கடை ரசீதில் இனப் பெயர் எங்கிருந்து முளைத்தது? வாங்குபவர் கையில் அந்தச் சீட்டின் நகலாவது வர ஏற்பாடு செய்யக் கூடாதா? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

உங்கள் தொட்டிக் குறிப்பில் ‘ஃபேவைட்டிஸ், இனம் உறுதியில்லை’ என்றோ ‘டிப்சாஸ்ட்ரேயா, இனம் உறுதியில்லை’ என்றோ எழுதுங்கள். வாங்கிய தேதியையும், எந்தக் கடலிலிருந்து வந்தது என்று விற்றவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்து ஓரம் விட்டபின் மறுபடி பார்க்கலாம்.