வீட்டில் கடல்நீர் மீன் தொட்டிக்குக் குழாய் வேலையை நாமே செய்துகொள்ளலாமா? கடைக்காரர் கேட்கும் கூலி கட்டுப்படியாகவில்லை

செய்யலாம். நானே செய்தேன். ஹாலில் உப்புத் தண்ணீரையும் ஓடவிட்டேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி, இல்லாவிட்டால் 'நீ யார் சொல்ல' என்று யாராவது வந்துவிடுவார்கள். ஊர் மலேசியாவில் சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயா. பெயரை மாற்றி எத்தனையோ வருடம் ஆகியும் எங்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனை ஆலையில் 19 வருடமாக ஃபிட்டர். பழக்குலை வேகவைக்கும் கலனுக்கு 40 பிஎஸ்ஐ அழுத்த நீராவி கொண்டுபோகும் குழாய்களைக் கழற்றி மாட்டுவதுதான் பிழைப்பு. பவளம் வளர்க்கும் கோலாலம்பூர் ஆட்களுக்கு இருக்கும் நுணுக்கம் எனக்கு இல்லை. 4 அடித் தொட்டி, கோமாளி மீன் இரண்டு, கொஞ்சம் பாறை, நத்தை. அவ்வளவுதான் என் கடல்.

கடைக்காரர் தொட்டியில் துளை போட்டுக் கொடுத்துவிட்டார், கீழே அலமாரிக்குள் வைக்கும் சம்ப் தொட்டியையும் கொடுத்துவிட்டார், இரண்டையும் இணைக்கும் குழாய்க்குத்தான் கூலி கேட்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். துளை போடாத தொட்டி என்றால் கண்ணாடியில் நீங்கள் கை வைக்க வேண்டாம், கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

நான் கூலி கொடுக்காததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. என்னிடம் போய் ஒருவன் 1 அங்குல பிவிசி குழாய் ஒட்டக் கூலி கேட்டால் எப்படி இருக்கும்? ரோஷம் வந்துவிட்டது. அதே ரோஷத்தில் தவுக்கை (சீன முதலாளி) கடைக்குப் போய், தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க, இருந்ததிலேயே நல்ல பித்தளை கேட் வால்வாகப் பார்த்து இரண்டு வாங்கி வந்தேன். ஆலையில் பிளாஸ்டிக் வால்வைக் கண்டாலே எங்களுக்கு இளக்காரம். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு, உப்புத் தண்ணீர் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. முதல் இறாலை விட்டு மூன்றாம் நாள் அது பாறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வால்வை விரலால் தட்டிக் காட்டினார். ஆகவே வால்வு, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), கிளிப் எதுவானாலும் பிவிசி. பிவிசி கேட் வால்வு சின்ன ஊரில் லேசில் கிடைக்காது, கிள்ளானுக்கோ கேஎல்லுக்கோ ஆள் போகும்போது சொல்லி வாங்குங்கள்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, போய் அள்ளிக்கொண்டு வரலாமே என்று என் மச்சான் சொன்னார். ஜெராம் பக்கம் பாந்தாய் ரெமிஸில் இரண்டு ட்ரம் பிடித்தும் வந்தோம். ஆறு கலக்கும் சேற்றுக் கடல் அது, மழை பெய்தால் உப்பு இறங்கிவிடும். உப்பு அளக்கும் கருவியில் அடர்த்தி எண் 1.017. தேவை 1.025. இரண்டு ட்ரம்மையும் சாக்கடையில் கொட்டினோம். வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரில் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கலக்குங்கள். சமையல் உப்பு ஆகாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் போதாது. கலந்து ஓடவிட்டு, புதுத் தொட்டியில் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறி, அதைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்து இறங்க நாலு வாரமோ ஆறு வாரமோ பொறுத்துத்தான் மீன் விட வேண்டும்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

இந்த அமைப்பில் மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். சம்பில் இருக்கும் பம்ப் இன்னொரு குழாய் வழியாக மேலே ஏற்றும். பம்ப் நின்றால் என்ன ஆகும்? வழிவது ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். ஏற்றும் குழாய்தான் ஆபத்து. அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், எண்ணெய்த் தோம்பில் ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி இறக்குவோமே, அதுபோலத் தண்ணீர் தானே திரும்பி இறங்க ஆரம்பிக்கும். குழாய் வாய் காற்றைக் காணும்வரை நிற்காது.

எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஏற்றும் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தேன். பிவிசிதான், இந்த முறை ஏமாறவில்லை. ஒரே பக்கம்தான் திறக்கும், திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். ஆலையில் 19 வருடம் அதை நம்பித்தான் வேலை செய்கிறேன். இங்கேயும் மூன்று மாதம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் மாலை, நம் ஊர் இடிதான் தெரியுமே, ஒரு இடியில் கரண்டு போனது. வால்வின் மூடிக்குள் ஒரு குட்டி நத்தை உட்கார்ந்திருந்தது. மூடி முழுதாக மூடவில்லை.

கணக்குப் பாருங்கள். என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். 1 செ.மீ. உயரத்துக்கு 5.4 லிட்டர். குழாய் வாய் 8 செ.மீ. ஆழத்தில் இருந்தது, அதாவது 43 லிட்டர் இறங்கும். சம்ப் 75-க்கு 35, மேலே 10 செ.மீ. காலி விட்டிருந்தேன், 26 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சம் 17 லிட்டர் ஹாலுக்கு. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. நான் போடவில்லை. நான் நைட் ஷிஃப்டில் இருந்தேன். வீட்டில் போன் செய்து, "உங்க கடல் சோபாவுக்கு அடியில வந்துடுச்சி" என்றாள். தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் சாக்கெட் முழுகிவிட்டது. கரண்டு திரும்பி வந்ததும், கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் இஎல்சிபி தட்டியதால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது சாக்கெட்டைச் சுவரில் உயரத்தில் அடித்து, ஒயரைச் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கவிட்டுத்தான் மேலே ஏற்றியிருக்கிறேன். ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மறுநாள் ஆலையில் கதை பரவிவிட்டது. என்னைவிட 15 வயது இளைய ஃபோர்மேன், "அண்ணே, சர்ட்டிபிகேட் இருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது" என்று சிரித்தான். அவன் தப்பில்லை, நல்ல பையன்தான். ஆனால் அந்த ஃபோர்மேன் இடம் எனக்கு வர வேண்டியது. எஸ்கேஎம் என்ற அரசாங்கத் தொழில்திறன் சர்ட்டிபிகேட் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் ஃபிளாஞ்ச் கேஸ்கெட் வெட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். தோட்டத்து லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு பைப் இருந்த காலத்தில் வளர்ந்த எங்களைப் பள்ளிக்குப் பிறகு எந்தப் பயிற்சிக்கும் யாரும் கூப்பிடவில்லை. கை பார்த்துக் கை பழகியதுதான். சரி, இதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது. 'அப்படியானால் இப்போது போய்ப் படிக்க வேண்டியதுதானே' என்று எழுத வருபவர்கள், 12 மணி நேர ஷிஃப்ட் ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு நான் மாற்றியது இதுதான். ஏற்றும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு 2 செ.மீ. மட்டும் கீழே இருக்கும்படி உயர்த்தினேன். இப்போது இறங்குவது 11 லிட்டர்தான். அதே குழாயில் மட்டத்தை ஒட்டிக் கீழே 3 மி.மீ. துளை ஒன்று போட்டேன், தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சலை அறுத்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒரு முறை பல் குத்தும் குச்சியால் குத்திவிடுகிறேன். துளையை மட்டும் நம்பவில்லை, வாயை உயர்த்தியதுதான் முக்கியம். அந்த நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டேன். இறங்கும் குழாய் ஒன்றுக்கு இரண்டாக வைத்தேன், ஒன்று அடைத்தால் மற்றது காப்பாற்றும்.

நம் சூட்டுக்கு சம்ப் மேல் ஒரு விசிறி வைத்தால் 31 டிகிரி தண்ணீர் 28-க்கு வரும், ஆனால் தினமும் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். அதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்பு ஆவியாகாது. சம்பில் பம்ப் ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

உப்பு வாங்கும் முன் பச்சைத் தண்ணீரை நிரப்பி ஓடவிட்டு, சுவிட்சை அடைத்துவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டுச் சம்ப் முன்னால் உட்காருங்கள். தண்ணீர் ஏறி நிற்கும்வரை எழுந்திருக்காதீர்கள். பத்து முறை செய்யுங்கள். தொட்டி அளவும் சம்ப் அளவும் எழுதினால் எத்தனை லிட்டர் இறங்கும் என்று நானே போட்டுச் சொல்கிறேன். இந்த வாரம் நைட் ஷிஃப்ட், பதில் மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.