கதிர்வீச்சுப் புற்றுநோயியல் முதுநிலைப் பயிற்சிக்கு எந்தெந்தக் கருவிகளும் வசதிகளும் உள்ள துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இயந்திரத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். கதிர்வீச்சைப் பாய்ச்சும் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்தை இயக்குகிறவர்கள் தொழில்நுட்பர்கள். அதன் வெளியீட்டை அளந்து சரிபார்க்கிறவர்கள் மருத்துவ இயற்பியலாளர்கள். நம் வேலையில் பெரும்பகுதி, கதிர்வீச்சைத் திட்டமிடும் பிளானிங் கணினியின் முன்னால்தான் நடக்கிறது: எது கட்டி, எது காப்பாற்ற வேண்டிய உறுப்பு என்று சிடி படங்களில் ஒவ்வொரு தட்டாகக் கோடு வரைவது, பிறகு அதை வைத்துப் போட்டு வந்த கதிர்வீச்சுத் திட்டத்தை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது. ஆகவே, பயிற்சி மருத்துவர்களுக்கென்று தனியாக ஒரு பிளானிங் கணினி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நான் படித்த துறையில் இரண்டு கணினிகள்தான். பகல் முழுவதும் அவற்றில் இயற்பியலாளர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் எங்களுக்கு நாற்காலி கிடைக்கும். முதலாண்டில் ஒரு தொண்டைப் புற்றுநோயாளியின் படங்களில் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியை வரைந்தேன். தாடை எலும்புக்கு உள்பக்கமாகச் செல்லும் அதன் ஆழ்மடலை விட்டுவிட்டேன். கணினி காட்டிய சராசரி டோஸ், அதாவது சுரப்பி ஏற்கும் கதிர்வீச்சு அளவு, வரம்பான 25 கிரேயைவிடக் (கிரே என்பது அதன் அலகு) குறைவாக இருந்ததால் மகிழ்ந்துபோனேன். மறுநாள் மூத்த மருத்துவர் தன் கோட்டை என் கோட்டின் மேல் வைத்துக் காட்டினார். நான் விட்ட பகுதிதான் கட்டியை ஒட்டி இருந்தது. அதைச் சேர்த்ததும் சராசரி மளமளவென்று ஏறியது. திட்டம் நோயாளியை எட்டும் முன்பே திருத்தப்பட்டது. திருத்தப்படாமல் போயிருந்தால், கணக்கில் சுரப்பி பிழைத்திருக்கும், அவருக்கோ காலமெல்லாம் வாய் உலர்ந்திருக்கும். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கற்பித்ததை எந்தப் புது இயந்திரமும் கற்பித்ததில்லை.

அடுத்து பிராக்கிதெரபி, அதாவது கதிர்வீச்சு மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் சிகிச்சை. இதில் நம் கைதான் கருவி. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அந்த மூலம் செல்லும் அப்ளிகேட்டர் கருவியை வைக்கும்போது அதன் குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்துவிடக் கூடும். வயிற்றின் மேலிருந்து அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செலுத்தினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். எனவே, அந்த அறையிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் விலக்கி வைக்கத் துணிச்சுருளை எப்படித் திணிப்பது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே டோஸ் பெரிதும் மாறும் இடம் அது. இடுப்பு மாதிரி உருவத்தில் பலமுறை பழகிய பிறகே நோயாளியிடம் போக வேண்டும். அந்த மாதிரி உருவம் இல்லாத துறையில், முதல் பிழை ஒரு பெண்ணின் உடலில் நிகழ்கிறது. இது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத விஷயம்.

கதிரியக்கக் கோபால்ட்டைக் கொண்டு இயங்கும் பழைய வகை இயந்திரம் மட்டும் இருக்கும் துறை என்று எதையும் தள்ளிவிட வேண்டாம். கோபால்ட்-60இன் அரை ஆயுள் (வலு பாதியாகும் காலம்) 5.27 ஆண்டுகள், மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் வலு குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கையால் கணக்கிட்டுப் பழகியவருக்கு, பிராக்கிதெரபியில் பயன்படும் கதிரியக்க மூலமான இரிடியம்-192 அதே 1 சதவீதத்தை ஏறக்குறைய ஒரே நாளில் இழப்பது சட்டென்று புரியும். கணினி தரும் எண் தவறாக இருந்தால் கண்ணில் உறுத்தும். ஆனால் மூன்றாண்டும் கோபால்ட் மட்டுமே என்றால் போதாது. கட்டியின் வடிவத்துக்கேற்பச் செறிவு மாற்றிய கதிர்வீச்சுத் திட்டங்களையும், சிகிச்சை மேசையிலேயே எடுக்கும் கோன் பீம் சிடி கொண்டு நோயாளியின் நிலையை அன்றாடம் சரிபார்ப்பதையும் பழக, வேறொரு மையத்துக்குச் சில மாதங்கள் அனுப்பும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

நோயாளி அசையாமலிருக்க முகமூடி செய்யும் மோல்டு அறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேளுங்கள். சுமார் 70 டிகிரி வெந்நீரில் இளகிய தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) தகட்டை நோயாளியின் முகத்தில் படியவைத்து, மேசையோடு பூட்டுவார்கள். ஒருமுறை நானே படுத்துப் பார்த்தேன். விழுங்கவும் சிரமமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த நோயாளிக்கும் அதை முன்கூட்டியே விளக்காமல் விட்டதில்லை.

சேர்ந்த இடத்தில் பிளானிங் கணினி கிடைக்கவில்லை என்றால், 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் கோடு வரைந்து பழகலாம். ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய மேட்ராட் மென்பொருளில் திட்டமும் போட்டுப் பார்க்கலாம். அது கற்றலுக்கும் ஆய்வுக்கும் மட்டும், சிகிச்சைக்கு அன்று. அடையாளம் நீக்கிய சிடி படங்கள் பொதுத் தொகுப்புகளில் கிடைக்கின்றன. திருத்திச் சொல்ல ஒரு மூத்தவரை மட்டும் எப்படியாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது துறைத் தலைவரைச் சந்தித்ததோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, சென்ற வாரம் அவர் தானே வரைந்தவை எத்தனை, அவற்றில் எத்தனையை ஒருவர் அருகில் அமர்ந்து திருத்தினார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.